வியாழக்கிழமை இரண்டு மணி வரை

"ரத்தமா, சர்க்கரையா?" என்று நிமிராமலே கேட்டாள் பரிசோதனைக்கூட வரவேற்பில் இருந்தவள்.

"ரெண்டும் இல்ல. உள்ள எங்க அக்காவைப் பாக்கணும்."

"வெறும் வயித்தோடயா வந்திருக்கீங்க?"

பழக்கதோஷத்தில் வந்த கேள்வி. ஆனால் சின்னவள் உண்மையிலேயே வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. காலையிலிருந்து என்ன, ஒன்பது நாளாகவே சாப்பிட்டதெல்லாம் பேருக்குத்தான். மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். சுவரில் மணி ஒன்று நாற்பது.

விஷயம் இதுதான். பரிசோதனைக்கூடம், பள்ளிக்கூடம், சின்னச் சின்ன அலுவலகம் என்று எங்கெங்கோ ஓடுகிற ஒரு சர்வர் மென்பொருளை ஐந்து பேர் சேர்ந்து பராமரித்தார்கள். சின்னவள் அதில் ஒருத்தி. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதை வரிவரியாகப் படிக்கலாம். அதில் ஒரு ஓட்டை இருப்பதாக முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பாஸ்வேர்டு இல்லாமலே நுழைந்து அடுத்தவர் கோப்பை எடுத்துவிடலாமாம். அவர் சொன்னபடி செய்துபார்த்தாள், சமர்த்தாகத் திறந்துகொண்டது. அடைக்கும் வரிகளை இரண்டே நாளில் எழுதிவிட்டார்கள். பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று எல்லாவற்றிலும் சோதித்துப் பார்க்க இன்னும் ஒரு வாரம். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெளியிடுவது, அதுவரை யாரும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பேச்சு. அடைப்பைப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று விவரம் தெரிந்தவனுக்குப் புரிந்துவிடும்.

நியாயமான பேச்சுதான். ஆனால் அக்காவின் பரிசோதனைக்கூடத்திலும் இதேதான் ஓடியது. நோயாளிகளின் அத்தனை ரிப்போர்ட்டும் அதற்குள். "நாங்க செய்யறதுதான் அக்கா, நம்பி வையி" என்று தலையில் கட்டியதே சின்னவள்தான். சொந்த அக்காவிடம் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

அக்காதான் கூடத்துக்குப் பொறுப்பு. மெஷினுக்கென்று தனி ஆள் கிடையாது என்பதால் சர்வரும் அவள் தலையில்தான். ஒருமுறை சின்னவள் தந்த அப்டேட்டைப் போட்டதில் அரை நாள் எல்லாமே படுத்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் அக்காவைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தவிர வேறெந்த நாளிலும் அப்டேட் கிடையாது என்று வைத்துவிட்டாள். அடுத்த முதல் ஞாயிறுக்குப் பதினேழு நாள் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் பதினேழு நிமிஷமே ஆபத்து. போனில் சொன்னால் அக்கா வெட்டென்று பேசி வைத்துவிடுவாள். அதனால்தான் நேரில் வந்தாள். போடவைக்காமல் இங்கிருந்து நகர்வதில்லை.

அக்காவின் அறையில் நுண்ணோக்கி ஒரு பக்கம், மேஜைக்கடியில் சர்வர் பெட்டி ஒரு பக்கம், முக்காலியின்மேல் கையுறை அட்டைப்பெட்டிகள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம? முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருபது நிமிஷம் சும்மா உக்காந்துக்கறேன். ஒண்ணும் கேக்காத."

சின்னவள் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் திறந்துவைத்தாள். அக்கா நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது தடவை எழுந்துபோய் ஊசியும் குப்பியும் எடுத்துவந்தாள்.

"எதையோ மறைக்கற. கையை நீட்டு. என்னன்னு ரத்தம் சொல்லட்டும்."

மறுத்தால் வாதாட வேண்டும். வாதாடினால் வாய் தவறும். சின்னவள் இடக்கையை நீட்டினாள். இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருந்தது. இடக்கையில் ரப்பர் பட்டை இறுகியது; வலக்கை மடிக்கணினியின்மேல் காத்திருந்தது. மற்ற நால்வரும் தயார் என்று எழுதிவிட்டார்கள். வெளியிடும் பொறுப்பு இந்தத் தடவை அவளுடையது. ஊசி இறங்கியது. மணி இரண்டானது. தட்டிவிட்டாள்.

"அக்கா, இனி சொல்லலாம். உன் சர்வர்ல ஓட்டை இருக்கு. பாஸ்வேர்டு இல்லாம யார் வேணா ரிப்போர்ட்டை எடுக்கலாம். அடைக்கறதுக்கு இப்பதான் அப்டேட் விட்டேன். உடனே போடு."

அக்கா ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒம்பது."

"போன ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியே?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா."

"யாரோவாடி நான் உனக்கு?"

சுருக்கென்று தைத்தது. அழுகை முட்டியது. ஆனால் அழுவதற்காக வரவில்லை அவள். "எவ்வளவு வேணா அப்புறம் திட்டு. இப்ப அப்டேட்டைப் போடு."

"மூணு மணிக்கு நாப்பது ரிப்போர்ட் போகணும். அன்னைக்கு மாதிரி படுத்துச்சுன்னா?"

"வரிசை முன்னாடி நான் போய் நிக்கறேன். என்னைக் கிழிக்கட்டும்."

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரையில் வரிகள் மளமளவென்று ஏறின.

"முடிஞ்சுது."

"இல்லக்கா. புதுசு இறங்கியிருக்கு, அவ்வளவுதான். ஓடறது இன்னும் பழசு. நிறுத்தி எழுப்பணும்."

அக்கா நிறுத்தினாள். "மேடம், ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது!" என்று வரவேற்பிலிருந்து குரல் வந்தது. ஒரு நிமிஷம் ஆனது, ஒரு யுகம். சர்வர் எழுந்தது. அந்த முன்பின் தெரியாதவர் சொல்லித்தந்த வழியில் சின்னவள் அக்காவின் சர்வருக்குள் நுழையப் பார்த்தாள். திறக்கவில்லை. மறுபடியும் பார்த்தாள். திறக்கவே இல்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அக்கா குப்பியில் சின்னவளின் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டே பேசினாள்.

"அப்பாவோட ரிப்போர்ட்டை மூணு நாள் கையில வச்சிருந்தேன், டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும். அப்ப நீ என்ன கேட்ட?"

மறக்குமா? நீயெல்லாம் ஒரு மகளா என்று கேட்டிருந்தாள். வாசலில், நாலு பேர் பார்க்க.

"கேட்டிருக்கக் கூடாதுக்கா."

"அது கிடக்கட்டும். இந்த ஒம்பது நாள்ல யாராவது உள்ள வந்தாங்களா?"

"தெரியல. வந்தவங்க போனவங்க எல்லாம் பதிவாகியிருக்கும், படிச்சுப் பாத்தாத்தான்." சின்னவள் பஞ்சை அழுத்திப் பிடித்தாள். "ஒம்பது நாள் மட்டும் இல்ல. ஓட்டை போன வருஷத்துலேர்ந்தே இருக்கு. நாங்க விட்டதுதான்."

அக்கா கையுறைப் பெட்டிகளைத் தரையில் இறக்கிவிட்டு, முக்காலியைத் திரைக்கு எதிரே தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"கையை மடக்கி வச்சுக்கோ, ரத்தம் வரும்."

பஞ்சோடு இடக்கையை மடக்கிக்கொண்டு, அக்கா திரையில் திறந்த பதிவில் போன வருஷத்தின் முதல் வரியில் வலக்கை விரலை வைத்தாள் சின்னவள்.