காதலிக்காத மூளை

அக்கா மூளை ஆராய்ச்சியாளர். தங்கை காதலில் விழுந்து சோறு தண்ணி மறந்து திரிந்தபோது, "அது காதல் இல்லடி, மூளையில சுரக்கற டோபமைன். கொஞ்ச நாள் கூத்தடிக்கும், அப்புறம் தானா அடங்கிடும்" என்று ஒரே போடாகப் போட்டாள். தங்கைக்குச் சுருக்கென்றது. சமயம் பார்த்துக் காத்திருந்தாள்.

சமயம் ஆய்வுக்கூடத்திலேயே வாய்த்தது. காதலர்களின் மூளையோடு ஒப்பிடக் காதலிக்காத ஒருவர் தேவைப்பட்டார். வருவதாக ஒப்புக்கொண்டவன் முந்தின வாரம் காதலில் விழுந்துவிட்டான்.

"என்னைவிட வறண்ட மூளை எங்க கிடைக்கும்? நானே படுத்துக்கறேன்" என்று அக்கா ஸ்கேன் குழாய்க்குள் நுழைந்தாள். இயந்திரத்தை இயக்கியவர் ஒரு சுருட்டைமுடிக்காரர். உதவிக்கு வந்திருந்த தங்கை, அக்காவோடு வேலை பார்ப்பவர்களின் படங்களை உள்ளே ஒவ்வொன்றாகக் காட்டினாள். காவலாளி, கணக்காளர், இயக்குநர். அக்காவின் மூளை அசையவே இல்லை. இடையில் சுருட்டைமுடியின் படத்தைச் சொருகினாள்.

டோபமைன் வேலை செய்யும் இடம் திரையில் தகதகவென்று சிவந்தது. சுருட்டைமுடியின் காதும்தான்.

"என்ன சத்தத்தையே காணோம்? மெஷின்ல கோளாறா?" என்று உள்ளிருந்து குரல்.

"மெஷின் கல்லு மாதிரி இருக்குக்கா," என்ற தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "இனிமே உங்கள அண்ணான்னு கூப்பிடலாமா, கூடாதா?"

வெளியே வந்த அக்கா திரையைப் பார்த்தாள். காபி அதிகமாகிவிட்டது என்றாள். தூக்கம் போதவில்லை என்றாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், "அப்ப அவரும் படுக்கட்டும். நியாயம்னா ரெண்டு பேருக்கும் பொது" என்று வீம்பாக நின்றாள்.

அவர் படுத்தார். அக்காவே இயந்திரத்தை இயக்கி, தன் படத்தைக் காட்டினாள். திரையில் ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. மறுபடி காட்டினாள். ஊஹும். அவள் முகம் வாடிப்போனது. கேலி செய்ய வந்த தங்கைக்கே பாவமாகிவிட்டது. அப்போதுதான் அவள் பக்கத்திலிருந்த சின்னத் திரையைக் கவனித்தாள். படுத்திருப்பவரின் கண்ணைக் காட்டும் கேமரா அது.

"அக்கா, இவர் கண்ண இறுக்கி மூடிட்டுக் கெடக்கறாரு!"

அக்கா மைக்கைப் பிடித்தாள். "ஏன் கண்ண மூடினீங்க?"

சின்னத் திரையில் கண்கள் இன்னும் இறுகின.

"தொறந்தா மாட்டிக்குவேனே, டாக்டர்."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ரெண்டு பேருமே ஆய்வுக்கு லாயக்கில்ல" என்று இரண்டு பதிவுகளையும் தள்ளிவைத்தாள். "வெளிய வாங்க. டீ குடிக்கலாம்."

கூடவே கிளம்பிய தங்கையை, "நீ எங்கடி வர்றே?" என்று முறைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.