வாக்குக் கேட்டு வந்தவர்

சாதியைச் சாய்க்காமல் தமிழன் தலைநிமிர மாட்டான் என்று யாழ்ப்பாணத்து மேடைகளில் முழங்கிய வாய், தியாகலிங்கம் மாஸ்ரருடையது. அவர் அச்சிட்டு வழங்கிய துண்டுப்பிரசுரங்களைப் படித்துவிட்டுப் பெற்ற தகப்பனோடு மல்லுக்கு நின்ற இளைஞர்கள் உண்டு. அந்த வாய் இப்போது கனடாவின் ரொறன்ரோவில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பள்ளிச் சபைத் தேர்தலில், மல்வேர்ன் பகுதி வேட்பாளராக மாஸ்ரர் நின்றார்.

அவர் கையில் எடுத்த வழக்கு ஒன்றுதான். அகதிகளாக வந்து சேரும் பிள்ளைகளைச் சோதித்துப் பாராமலே, முகத்தைக் கண்டும் உச்சரிப்பைக் கேட்டும், 'பேசிக் லெவல்' என்னும் கடைநிலை வகுப்பில் தள்ளுகிறார்கள். அங்கே விழுந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு அன்றைக்கே சாத்தப்படுகிறது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டு அறிவை அளக்கும் இந்த அநீதியை ஒழிப்பேன் என்றார் மாஸ்ரர். உண்மையான கோபத்தோடுதான் சொன்னார்.

வெள்ளைக்காரப் பெற்றோர் இதை நம்ப வேண்டுமானால், பாதிக்கப்பட்ட தாய் ஒருத்தி பொதுக்கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பகைக்கப் பயந்து எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜெயமலர் மட்டும், "நான் கதைக்கிறன் மாஸ்ரர்" என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் மகள் ரதி ஊரில் கணக்கில் முதல் பிள்ளை. இங்கே ஒன்பதாம் வகுப்பின் கடைநிலையில் இருந்து கூட்டலும் கழித்தலும் செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் மாஸ்ரர் அவள் வீட்டுக்குப் போனார். கூடவே நவரட்ணமும் போனார். தேர்தல் வேலையின் தூணே நவரட்ணம்தான். அவருடைய உறவினர் எல்லாம் முந்தி வந்து குடியுரிமை பெற்றவர்கள், வாக்குள்ளவர்கள். ஜெயமலருக்கோ வாக்கில்லை.

"வாங்கோ மாஸ்ரர், இருங்கோ. உங்கடை நோட்டீஸ் ஒண்டை என்ரை ஐயா சுவரிலை ஒட்டி வைச்சிருந்தவர். மழை ஒழுகி அது கிழியுமட்டும் கழட்ட விடேல்லை" என்று சொல்லிச் சிரித்தாள் ஜெயமலர்.

மாஸ்ரர் பூரித்துப்போனார். நவரட்ணம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தொடங்கினார்.

"தங்கச்சி ஊரிலை எவடம்?"

"வடமராட்சி அண்ணை."

"அது பெரிய இடமெல்லே. வடமராட்சியிலை எவடம்?"

"கோயிலுக்குப் பின்னாலை, குளத்தடி."

"குளத்தடியிலை ஆற்றை மகள்?"

தலையைத் தாழ்த்தாமல் தகப்பன் பெயரைச் சொன்னாள் அவள். "ஓ... அப்பிடியே" என்றார் நவரட்ணம். கடல் கடந்தும் கரையாத ஒரு கேள்விக்கு விடை கிடைத்த நிறைவு அந்த 'ஓ'வில் இருந்தது. அது எந்தக் குறிச்சி, எந்தச் சாதி என்று மாஸ்ரருக்கும் விளங்கிவிட்டது.

தேநீர் வந்தது. நவரட்ணம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். கோப்பையை வாங்க நீண்ட மாஸ்ரரின் கை பாதியில் நின்று, திரும்பி, மடிக்குள் போய் ஒடுங்கியது.

"நான் ரீ குடிக்கிறேல்லைப் பிள்ளை. டொக்ரர் வேண்டாமெண்டவர்."

"அப்ப பால் காய்ச்சித் தரட்டே?"

"ஒண்டும் வேண்டாம்."

சிந்தித்துச் செய்திருந்தால் நவரட்ணத்தின் உறவினர் வாக்குக்காகச் செய்தேன் என்று தம்மையே ஏமாற்றிக்கொள்ளலாம். அவர் சிந்திக்கவில்லை. எந்தப் பிரசுரமும் எட்டாத ஆழத்தில் இருந்து ஏதோ ஒன்று எழும்பி அந்தக் கையைப் பிடித்து இழுத்தது.

மூன்று வீடு தள்ளி நவரட்ணத்தின் தங்கை பேபியின் வீடு. அவள் பால் தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். "எலெக்சன் கேட்டாத்தான் மாஸ்ரர் எங்கடை வீட்டுப் படியேறுவார் போலை. வருசா வருசம் கேளுங்கோ!" என்று பகிடி விட்டாள். மாஸ்ரர் சிரித்தபடி பாதித் தேநீரைக் குடித்திருந்தார். கதவு மணி அடித்தது. பேபி திறந்தாள். வாசலில் ஜெயமலர்.

"மாஸ்ரர் கிளவ்ஸை விட்டிட்டு வந்திட்டார். குளிருக்கை கை விறைக்குமெண்டு கொண்டந்தனான்."

சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தவள், கோப்பையைக் கண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மூண்டு வீடு தாண்டினவுடனை டொக்ரர் மனம் மாறிட்டார் போலை" என்றாள்.

பேபிக்கு விளங்கவில்லை. நவரட்ணம் செருமினார். ஜெயமலர் கையுறைகளைப் பேபியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வாயில் இருந்த தேநீரை அவசரமாக விழுங்கிவிட்டு மாஸ்ரர் எழுந்து, கோட்டும் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

"ஜெயமலர்! நில்லு பிள்ளை..."

"பயப்பிடாதேங்கோ. வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருவன். என்ரை பிள்ளைக்காக வருவன்."

"நான் அதுக்காக ஓடி வரேல்லை."

"வேறை என்னத்துக்கு?"

அவள் காத்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

தேர்தலில் இருந்து விலகிவிடலாமா என்று அவர் யோசித்தார். விலகினால் அந்தப் பிள்ளைகளின் வழக்கைப் பேச வேறு வேட்பாளர் இல்லை. விலகாமல் இருக்க இது நியாயமா, சாக்குப்போக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் ஜெயமலர் எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மகளின் கதையைச் சொன்னாள். அடுத்து மாஸ்ரர் பேசினார். பிறந்த மண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பவன் மனிதனைப் பார்க்கவே இல்லை என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஜெயமலரும் தட்டினாள். அவள் தட்டாமல் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

கூட்டம் கலைந்ததும் அவளே கிட்ட வந்தாள்.

"நாளைக்குக் காலமை பிறின்சிப்பல் என்னை வரச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வருவியளோ?"

"வாறன். கட்டாயம் வாறன். நான் அவருக்கு விளங்கப்படுத்திச் சொல்..."

"நீங்கள் கதைக்கவேண்டாம் மாஸ்ரர். நான் கதைப்பன். கோட்டுப் போட்ட ஆள் ஒருத்தர் பக்கத்திலை இருந்தால் என்னை அரைவாசியிலை எழுப்பி அனுப்பமாட்டினம். அதுக்குத்தான்."

"ஓம்" என்றார் மாஸ்ரர்.

மறுநாள் பள்ளிக்கூட அதிபரின் அறையில், அவள் சொன்னபடியே நடந்தது. அதிபர் அவளைக் கடந்து கோட்டுப் போட்டவரைப் பார்த்தார். "இந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன உறவு?" என்று மாஸ்ரரிடம் கேட்டார். மாஸ்ரர் ஜெயமலரைப் பார்த்தார்.

அவள் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து விடை சொன்னாள். "உறவில்லை. வோட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர்."

பிறகு ரதியின் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அவள் படித்த கணக்கைப் பற்றி, நிறுத்தாமல் பேசினாள். சொல் கிடைக்காத இடத்தில் மேசையில் விரலால் கோடு கீறிக் காட்டினாள். மாஸ்ரர் வாய் திறக்கவில்லை. கடைசியில் அதிபர் தலையசைத்தார். திங்கட்கிழமை பிள்ளைக்குச் சோதனை வைத்து, தேறினால் மேல்வகுப்புக்கு மாற்றுவதாக வாக்களித்தார்.

பிறகு எழுந்து வந்து மாஸ்ரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் போன்ற ஒருவர் கிடைத்தது இவர்களின் அதிர்ஷ்டம்" என்றார்.

ஜெயமலர் குனிந்து தன் குளிர்கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்றும் செய்யவில்லை" என்றார் மாஸ்ரர்.

என்ன அடக்கம் என்று வியந்து, அதிபர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.