வெயில் போன பிறகு தார் ரோடு

கருவி இருக்கும்போது கையை நம்புவது அறிவியலுக்குச் செய்யும் துரோகம் என்று மனிதகுலத்துக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவன் நான். மனிதகுலம் என்றால் கண்ணாடி. கல்லூரி ப்ராஜெக்டில் எனக்கு ஜோடி. மூக்கில் எப்போதும் சரியும் கண்ணாடியால் வந்த பெயர்.

வெயில் இறங்கிய பிறகும் எந்த ரோடு அதிக நேரம் சூட்டைப் பிடித்துவைத்துத் தெருவை வேகவைக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. தார், சிமென்ட், வெள்ளைப் பூச்சு அடித்த தார் என்று மூன்று தெருக்கள். துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. குறிபார்த்து அழுத்தினால் எண் வரும். கண்ணாடியோ, அழுத்துவதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பாள்.

"ரோட்டுக்கு ஜுரமா டாக்டரம்மா? மாத்திரை எழுதித் தரீங்களா?"

"போடா. நீ மெஷினைப் பாரு, நான் ரோட்டைப் பாக்கறேன்."

தாரும் சிமென்டும் முடிந்த வாரம் அவள் வேலை கிடைத்து ரயிலேறிவிட்டாள். மிச்சம் வெள்ளைத் தெரு. நான் அளந்து சொல்ல வேண்டும், அவள் அங்கிருந்து அறிக்கையில் ஏற்ற வேண்டும். சாயங்காலமானால் போன் வரும். அளவு முடிந்தால் போனும் முடியும்.

ஆகவே எனக்குச் சுற்றுச்சூழல் மேல் திடீர் அக்கறை வந்தது. ஒருநாள் மேகம், அளவு சரியாக வராது என்றேன். ஒருநாள் தண்ணி லாரி சிந்திவிட்டது. இன்னொரு நாள் நடுத்தெருவில் நாய் தூங்குகிறது, எழுப்ப மனசு வரவில்லை என்றேன். அதையும் நம்பினாள், அல்லது நம்பியதுபோல இருந்தாள். கடைசியில் சார் கூப்பிட்டு, "நாளைக்கு அறிக்கை வரலேன்னா அடுத்த வருஷமும் நீ இங்கதான்" என்றார்.

நேற்று அளந்தேன்.

"முப்பத்தாறு."

"ஏத்திட்டேன். அவ்ளோதான்டா, முடிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "வைக்கட்டா?" என்றாள்.

"இரு. அந்த எண் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு."

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னது யாரு?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குந்தினேன். தெரு காலியாகத்தான் இருந்தது. வெள்ளைப் பூச்சு ஆறியிருந்தது. ஓரத்தில் பூச்சு உரிந்து கறுப்பாகத் தார் தெரிந்த இடத்துக்குக் கையை நகர்த்தினேன். புறங்கையைத்தான் வைத்தேன்.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சுடுதா?" என்றாள்.

"கொஞ்சம்."

போனை அவள் வைக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.