சீனித்தாயின் வைக்கோல் கன்று

யுத்தம் நடந்த காலம். அரிசி ரேஷனில்தான், அதுவும் புழுத்தது. அப்போது தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டி ஒன்றும் இரண்டுமாக மாடு வைத்திருந்த பெண்களுக்கு, சுத்தமாகப் பால் கறக்கச் சொல்லிக்கொடுக்க ஞானபாய் என்ற நர்ஸ் வந்தாள். எங்களுக்கா கறக்கச் சொல்லித்தரப் போகிறாள் என்று எனக்குச் சிரிப்பு. "சுடலைமாடத்தி, கையை நீட்டுங்க" என்று முதலில் என் நகத்தைத்தான் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

மடியை வெந்நீரில் கழுவ வேண்டும், செம்பைக் கொதிநீரில் போட வேண்டும், கறந்ததும் துணியால் மூட வேண்டும். ஈ மொய்த்த பாலைக் குடித்தால் பிள்ளைக்கு வாந்தியும் பேதியுமாகிக் கண் குழிந்துபோகும் என்று அவள் சொன்னபோது, என் பக்கத்து வீட்டுச் சீனித்தாய் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் மூத்தவன் அய்யாக்குட்டி போன ஆடியில் அப்படித்தான் செத்தான்.

இப்போது அவளுக்கு இருப்பது கைக்குழந்தை முத்துக்கனி மட்டும்தான். தோணியில் கொழும்புக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பட்டினியில் அவளுக்குத் தாய்ப்பாலும் வற்றிவிட்டது. அந்த ஒற்றை மாட்டின் பாலில்தான் பிள்ளை உயிர் பிழைத்திருந்தது.

மாட்டின் கன்றோ ஆடிக்கு முன்பே செத்திருந்தது. அதன் தோலில் வைக்கோலைத் திணித்து, உப்பைத் தடவி, மாட்டின் முன்னால் நிறுத்துவாள். மாடு அதைத் தன் கன்றென்று நக்கிக்கொண்டே சுரப்பு விடும், பால் இறங்கும். நாற்றம் தாங்காது, ஈ அப்பிக் கிடக்கும்.

வீடு வீடாகப் பார்க்க வந்த ஞானபாய் அதைக் கண்டு முகம் சுளித்தாள். "இதுல உக்காருற ஈதான் பால்லயும் உக்காருது. எரிச்சிருங்க" என்றாள்.

"எம்மவனுக்கு வந்தது இதாலதானா?" என்றாள் சீனித்தாய்.

"இருக்கலாம்" என்றாள் ஞானபாய். பொய் சொல்லத் தெரியாதவள்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் சீனித்தாய் வைக்கோல் கன்றுக்குத் தீ வைத்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கத்தினேன். "ஏளா, கோட்டி புடிச்சிருச்சா? மாடு எப்படிச் சுரப்பு விடும்?"

"ஒரு புள்ள போனது போதும் மதினி."

அன்று சாயங்காலம் மாடு சாம்பலை முகர்ந்துவிட்டுக் கதறியது. காம்பை எப்படி இழுத்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். என் மாடு சினையாகி வற்றியிருந்தது. அக்கம்பக்கத்தில் கெஞ்சி வாங்கிய அரைச் செம்பு எத்தனை வேளைக்கு வரும்? எல்லா வீட்டிலும் பசி. கறக்காமல் விட்டால் மாடு அடியோடு வற்றிவிடும். முத்துக்கனி கஞ்சித்தண்ணியைத் துப்பிவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் என் மடியில் கிடந்தாள்.

சேதி கேட்டு ஞானபாய் வந்தாள். "பாத்தீங்களா உங்க சுத்தத்தை?" என்றேன். அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

உப்புக் கூடை சுமந்துவிட்டுச் சீனித்தாய் வந்து சேர்ந்தாள். தலையிலும் கழுத்திலும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. குழந்தையைப் பார்த்தாள், பிறகு நேராகப் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாயி, எனக்கு வேற வழியில்ல" என்று அழுதாள்.

மாடு அவள் தோளை நக்கியது. பிறகு கழுத்தில் காய்ந்திருந்த உப்பை நக்கியது.

சீனித்தாய் அசையாமல் நின்றாள். மெல்லத் தரையில் கையை ஊன்றி மண்டியிட்டு, கன்று நிற்கும் இடத்தில் தலையைக் கொடுத்தாள். மாடு முனகிக்கொண்டே அவள் தலைமுடியை நக்க ஆரம்பித்தது.

"மதினி, கையைக் கழுவிட்டு ஒக்காருங்க" என்றாள், குனிந்தபடியே.

அந்த நிலைமையிலும் அவள் அதை மறக்கவில்லை. நான் கையைக் கழுவினேன், வெந்நீரால் மடியையும் கழுவினேன். காம்பைப் பிடித்ததும் பால் இறங்கியது. செம்பு நிறைய நிறைய ஞானபாய் துணியோடு பக்கத்தில் நின்றாள். அரம் போன்ற நாக்குப் பட்டுச் சீனித்தாயின் பிடரி சிவந்து தோல் உரிந்தது.

"ஏளா, வலிக்கா?" என்றேன்.

"இப்படி நானே நின்னாப் போதும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா எம்மவன் இருந்திருப்பாம்லா, மதினி?"

நான் கறந்துகொண்டே இருந்தேன்.