ம.அ. ஒட்டிய ஸ்டிக்கர்

1

இந்தக் கதை என் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கரிலிருந்து கிளம்பியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்கக் கூடாது.

முதல் தொடக்கம்: ‘கடற்கரைச் சாலையின் மஞ்சள் சுவர்களில் மாலை வெயில் சாய்ந்தபோது லினெட்…’

(நிறுத்துகிறேன். லினெட் இருப்பது நெல்லித்தோப்பில். மஞ்சள் சுவரைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள்.)

2

மிக்சி, கிரைண்டர், குக்கர் பற்றித் தன் இணையதளத்தில் தமிழில் எழுதுவது அவள் தொழில். கீழே கடையின் இணைப்பு இருக்கும். அதைத் தட்டி நீங்கள் வாங்கினால் கடைக்காரர்கள் அவளுக்குக் கமிஷன் தருவார்கள். உங்களுக்கு விலை ஏறாது.

இருபது நாள் அரைத்துப் பார்க்காமல் ஒரு கிரைண்டரைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டாள். அந்த இருபது நாளும் தெருவுக்கே இட்லி மாவு போகும். ஓசியில் மிக்சி அனுப்பிய கம்பெனியைப் பற்றியே ‘மூடி ஒழுகுகிறது’ என்று எழுதியவள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கதாசிரியன் தன் பாத்திரத்தின் மேல் இப்படி மயங்கக் கூடாதாம். இருக்கட்டும்.

இந்த வருஷம் கமிஷன் சரிந்தது. இணைப்பைத் தட்டுகிறவர்கள் குறையவில்லை. ஃபோனில் வாங்கியவர்கள் கணக்கில் சரியாக வந்தார்கள். கம்ப்யூட்டரில் வாங்கியவர்கள்தான் காணாமல் போனார்கள்.

3

அடுத்து அவள் செய்தது என் மூளையில் உதித்திருந்தால் மார்தட்டிக்கொண்டிருப்பேன்.

கோயில் பாடகர் குழுவில் ஒன்பது பேரைப் பிடித்தாள். “என் லிங்க்க தட்டி ஆளுக்கு ஒரு சாமான் வாங்குங்க. ஒருத்தர் வாங்குனத இன்னொருத்தர் வாங்கக் கூடாது. ஃபோன்ல வேணாம், வீட்டு கம்ப்யூட்டர்ல.”

ஸ்டெல்லாமேரிக்கு ஜல்லிக்கரண்டி, மெரினுக்கு டீ வடிகட்டி, இப்படி. கடை அனுப்பிய கமிஷன் பட்டியலில் ஐந்து சாமான்தான் வந்தது. ஜல்லிக்கரண்டி இல்லை. வடிகட்டியும் இல்லை.

வராத நான்கு வீட்டுக்கும் போனாள். நான்கு கம்ப்யூட்டரிலும் ஒரே கூப்பன் செயலி உட்கார்ந்திருந்தது. தள்ளுபடி தேடித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்காரர் எந்தக் கடைக்குப் போகிறார் என்று பின்னாலேயே வேவு பார்த்து, பணம் கட்டும் நேரத்தில் கமிஷன் கணக்கில் லினெட்டின் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிக்கொள்ளும்.*

“இத யாரு போட்டா?”

“நாங்க எங்கம்மா போட்டோம்?” என்றார் ஸ்டெல்லாமேரி. “ரிப்பேருக்குக் குடுத்தோம், திரும்பி வந்துச்சு.”

லினெட் மெஷினைத் திருப்பினாள். ஒரு ஸ்டிக்கர். தேதி, பக்கத்தில் நீல மையில் ‘ம.அ.’ நான்கிலும் அதே கையெழுத்து. மரிய அருண், அவள் கூடப்பிறந்த தம்பி.

* இது திருட்டா என்று ஒரு பக்கம் கட்டுரை எழுதிக் கிழித்துப்போட்டேன். சமைத்தவள் ஒருத்தி. பந்தியில் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ‘நான்தான் சமைச்சேன்’ என்கிறவள் இன்னொருத்தி. அவ்வளவுதான் விஷயம்.

4

அருணுக்குத் தவளக்குப்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. தான் தொட்ட மெஷினில் பெயரெழுத்தைப் போடாமல் வெளியே விடமாட்டான். அக்காவுக்குத் தம்பிதான்.

அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ‘அவன் கோணலாகச் சிரித்தபடி…’ (அடித்துவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.)

“அந்தக் கூப்பன் கம்பெனிக்காரங்க ஒரு மெஷினுக்கு இவ்ளோன்னு குடுத்தாங்கக்கா. கஸ்டமருக்குக் கூப்பன் கெடைக்கும்னாங்க. நல்லதுதானேன்னு போட்டேன்.”

“அவங்களக் கேட்டுட்டுப் போட்டியா?”

“கேக்கல.” தலையைச் சொறிந்தான். “உன்னோடதப் புடுங்குதுன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா போட்டிருக்க மாட்டேன்க்கா.”

“வேற ஒருத்தியோடதுன்னா போட்டிருப்ப?”

இதற்கு அவன் சார்பில் நாலு பதில் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

லினெட் எழுத உட்கார்ந்தாள். மிக்சிக்கு எழுதுவது போலவே: செயலியின் பெயர், அது செய்கிற வேலை, எடுத்துப்போடும் முறை. கடைசி வரியில் நின்றுவிட்டாள்: ‘எங்கள் ஊரில் பல வீடுகளில் இதைப் போட்டவர் ________.’ எழுதினால் தம்பி கடைக்கு ஆள் வராது. எழுதாவிட்டால் இனி எந்த மூடியை ஒழுகுகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரும்?

5

முடிவு ஒன்று: எழுதிவிடுகிறாள். அருண் கடையை மூடிவிட்டு சேதராப்பட்டு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறான். (ரொம்பக் கறார்.)

முடிவு இரண்டு: எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சேர்ந்து கேக் வெட்டுகிறார்கள். (கேக் இறங்கவில்லை.)

மூன்றாவதைத் தொடங்கியபோது என் வாசலில் வண்டிச் சத்தம். மரிய அருண். வீடு வீடாகப் போய்ச் செயலியை எடுத்துக்கொண்டிருக்கிறான். என் வீடு முப்பத்தேழாவது. லினெட் சொல்லி நான் வாங்கிய மிக்சியும் அவள் கணக்கில் ஏறியிருக்காது.

வேலையை முடித்து லேப்டாப்பைத் திருப்பினான். பழைய ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினான்: ‘கேட்காமல் போட்டேன். எடுத்துவிட்டேன். ம.அ.’

பிறகு திரையில் திறந்திருந்த இந்தக் கதையைப் பார்த்துவிட்டான்.

“யாரு சார் இந்த விஜய்?”

“நீதாம்பா. உனக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு பேர மாத்தியிருக்கேன்.”

“நான் பாத்த வேலைக்கு வேற ஒருத்தன் பேரா? என் பேரையே போடுங்க சார்.”

அவன் போன பிறகு ஒவ்வொரு விஜயையும் அழித்து மரிய அருண் என்று எழுதினேன். இத்தனை வருஷம் எழுதியதில் இந்தத் திருத்தம்தான் எனக்குப் பெருமை.

லினெட்டின் கடைசி வரி இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த கிரைண்டருக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே வரவேண்டிய பெயர் உங்களுக்குத் தெரியும். எழுதுவதாக இருந்தால், அவளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.