பொத்தான் எந்தப் பக்கம்?

தையல்காரிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. யாராவது துணி கொண்டுவந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தி, மோந்து பார்த்த பிறகுதான் "ம், பருத்திதான்" என்பாள். அப்படிப்பட்டவளை அண்ணி இழுத்துக்கொண்டு போய் ஓவிய வரலாற்று வகுப்பில் சேர்த்துவிட்டாள். நாலே சனிக்கிழமை. மூன்று வகுப்பு அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், திரையில் படம் காட்டி. கண்காட்சி திறந்ததும் நாலாவது வகுப்பு மாடியில், அசல் ஓவியங்களுக்கு முன்னால். அன்றைக்கு ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

"எட்டாவதோட நின்னவ நீ. அங்க வர்றதெல்லாம் படிச்ச கூட்டம். வாயைத் திறந்து மானத்தை வாங்காதே" என்றார் அண்ணன். அந்த ஒரு சொல்லுக்காகவே பேசித் தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

வாத்தியார் கொடுத்த பன்னிரண்டு ஓவிய அச்சுத்தாள்களில் அவள் கண் ஒரு வியாபாரியின் மேல் நின்றது. ஜன்னலோரம் கறுப்புக் கோட்டும் மீசையுமாக உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்க ஜன்னல்லேர்ந்து வெளிச்சம் எப்படி வழியுது பாருங்க!" என்று வாத்தியார் உருகினார்.

தையல்காரி வெளிச்சத்தை எங்கே பார்த்தாள்? பொத்தானைப் பார்த்தாள்.

"அண்ணி, இது ஆம்பளை கோட்டே இல்ல."

"ஆரம்பிச்சிட்டியா?"

"ஆம்பளைக்கு இடது பக்கத் துணி மேல வரும். இதுல வலது பக்கம் மேல ஏறியிருக்கு, பொம்பளைக்குத் தைக்கிற மாதிரி. அந்த மீசை மேலயும் எனக்குச் சந்தேகம்தான்."

"மீசை வச்ச பொம்பளையா?"

"ஒட்டு மீசை அண்ணி! எவளோ ஒரு மகராசி வேஷம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. வாத்தியாருக்கும் தெரியும். மறைக்கிறார்."

"ஆமா, அவருக்கு வேற பொழைப்பில்ல."

ஒரு வாரம் மிஷினை மூடி வைத்துவிட்டு, பேச வேண்டியதை எழுதி எழுதி மனப்பாடம் செய்தாள்.

நாலாவது சனிக்கிழமை மாடிக்குப் போனார்கள். அந்தப் படம் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து முதல்முறையாக வெளியே வந்திருந்தது. வாத்தியாரே அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார். பார்த்தாரா என்பது வேறு விஷயம். படத்துக்கு முதுகைக் காட்டி, வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டார்.

தையல்காரி கோட்டைப் பார்த்தாள். இடது பக்கம்தான் மேலே இருந்தது. சுத்தமான ஆம்பளைக் கோட்டு. பாழாய்ப்போன மீசையும் அசல்தான்.

"தலைவலின்னு சொல்லிட்டு உக்காந்துடு" என்று அண்ணி கிசுகிசுத்தாள்.

"இடது பக்க ஜன்னல்லேர்ந்து..." என்று வாத்தியார் திரும்பாமலேயே கையை வீசினார். குனிந்த தலை நிமிராமல் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். படத்தின் இடது பக்கத்தில் ஜன்னலே இல்லை. வெறும் பழுப்புச் சுவர்தான் இருந்தது.

தையல்காரிக்கு இப்போது சந்தேகம் வேறு பக்கம் பாய்ந்தது. அவள் முறை வந்தது.

"சார், இந்தாளு பொம்பளைன்னு பேச வந்தேன். தப்பு." கூட்டம் சிரித்தது. "ஆனா தப்பு என் மேல மட்டும் இல்ல."

அச்சுத்தாளைக் குப்புறத் திருப்பி, துணியின் உள்பக்கம் பார்ப்பதுபோல் விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மெல்லிய தாள்; வியாபாரி மறுபக்கம் தெரிந்தார். கோட்டு, பொத்தான், ஜன்னல் எல்லாம் சுவரில் இருந்த படத்தோடு அப்படியே பொருந்தின.

"படத்தையே இடம் வலம் மாத்தி அச்சடிச்சிருக்கு சார். ஜன்னல் வலது பக்கம்."

தலைகள் நிமிர்ந்தன. வாத்தியார் மெல்லத் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"இருபது வருஷமா இடதுன்னுதான்மா சொல்லிட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் அவள் இடுப்பில் கிள்ளி, "உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

தையல்காரி காதில் அது விழவே இல்லை. பையைத் துழாவி மீதித் தாள்களை எடுத்தாள்.

"இன்னும் பதினொண்ணு இருக்கு சார். இதுங்களையும் ஒரு தடவை விளக்குல பிடிச்சுப் பாத்துடலாமா?"