கனுனுக்கு ஒரு வீட்டு எண்

"அந்தச் சாம்பல் கலர் வேன் இன்னும் அங்கேயேதான் நிக்குது," என்றாள் ஃபாய்.

"பார்க்காதேக்கா. நாம பார்த்தா அவங்களும் பார்ப்பாங்க."

"நானா பார்க்கிறேன்? கண்ணு போகுதுடி."

ஜியாப் ஜன்னலை விட்டு நகர்ந்து, மார்போடு கட்டியிருந்த குழந்தையின் தலைமேல் துணியை இழுத்துவிட்டாள். கொரியாவின் கிம்ஹேயில் தாய்லாந்துக்காரர்களுக்கென்று இருக்கிற கோயில், டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒரு மாடி. ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டு. வந்ததிலிருந்து அவள் கண் அந்தப் படிக்கட்டையேதான் அளந்துகொண்டிருந்தது. கீழே இமிக்ரேஷன்காரர்கள் வந்து நின்றால் போதும், மேலே இருக்கிறவர்கள் அத்தனை பேரும் கூடைக்குள் கோழி.

அன்று சியோலிலிருந்து தூதரகத்து ஆட்கள் வந்திருந்தார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்க, பிறப்புப் பதிய, கையெழுத்துச் சான்று வாங்க என்று புத்தர் சிலைக்கு முன்னாலேயே மேஜை போட்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு விசா கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தாய்லாந்துக்காரர்களே வைத்த பெயர் குட்டிப் பேய். யார் கண்ணிலும் படாமல் வேலை செய்வார்கள், யாராவது விளக்கடித்தால் மறைந்துவிடுவார்கள். ஜியாப் நாலு வருஷமாகக் குட்டிப் பேய். மிர்யாங் பக்கத்தில் பிளாஸ்டிக் குடிலுக்குள் குந்தி உட்கார்ந்து எள்ளிலை பறிக்கிற வேலை. ஃபாய்க்கு ஒழுங்கான விசா உண்டு. இருவருக்கும் தோட்டத்து ஓரத்தில் ஒரே கண்டெய்னர் அறை, ஒரே அடுப்பு, குளிர்காலத்தில் ஒரே மின்சாரப் பாய்.

குழந்தைக்கு நாலு மாதம். கனுன் என்று கூப்பிட்டார்கள், பலாப்பழம் என்று அர்த்தம். வயிற்றில் இருந்தபோது ஜியாப் கொரியா முழுக்கத் தேடியும் கிடைக்காத பழம் அது. குழந்தையின் அப்பன் கட்டட வேலையில் பிடிபட்டு ஊருக்கு அனுப்பப்பட்டான். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

காகிதம் இல்லாத குழந்தையை அம்மாவோடு சேர்த்து விமானம் ஏற்ற மாட்டார்கள், பிரித்து எங்கேயோ கொண்டுபோய் விடுவார்கள் என்று தோட்டத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். உண்மையா பொய்யா என்று விசாரிக்கக்கூட ஜியாப்புக்குப் பயம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"அடுத்தது யாரு? வாம்மா."

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர், கழுத்தில் கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் புரட்டினார்.

"அம்மா பேரு ரச்சனீகோன் சைக்கம். சரி. உன் பாஸ்போர்ட்?"

"ஏஜெண்டு வாங்கி வச்சுக்கிட்டான் சார். அவன் நம்பரே இப்ப இல்ல."

"அடையாள அட்டை?"

"போட்டோ மட்டும் போன்ல இருக்கு."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். படத்தில் கன்னம் உப்பிய, முடியை மேலே தூக்கிக் கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவளுக்குக் கன்னமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இது உன் சின்னம்மா மாதிரி இருக்கு," என்றார்.

"நான்தான் சார். பால் குடுத்து இளைச்சுட்டேன்."

"இதோ பாரும்மா. அம்மா தாய்லாந்துக்காரின்னா குழந்தை எங்கே பொறந்தாலும் தாய்லாந்துதான். அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா இந்தக் காகிதத்துல இருக்கிற ரச்சனீகோன் நீதான்னு யாராவது சொல்லணும். உன்னைத் தெரிஞ்சவங்க, விசா உள்ளவங்க யாராவது வந்திருக்காங்களா?"

"நான் இருக்கேன்!" என்று ஃபாய் முன்னால் வந்தாள். "நாலு வருஷமா பக்கத்துல படுக்கிறேன். இவளுக்கு எந்தப் பல்லு சொத்தைன்னு கேளுங்க, சொல்றேன்."

"பல்லு வேண்டாம். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மா," என்று ஜியாப்பைத் தூண் ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, அவள் காகிதங்களைக் கவிழ்த்துவைத்தார். "இவ பேரு என்ன?"

"ஜியாப்."

"அது கூப்பிடுற பேரு. முழுப் பேரு?"

ஃபாய் வாயைத் திறந்தாள், மூடினாள். தூண் ஓரத்தில் நின்ற ஜியாப் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். நாலு வருஷத்தில் தன் முழுப் பெயரை அவளிடம் சொன்னதே இல்லை. யார் சொல்கிறார்கள்? பெயர் என்பது மாவட்ட அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியது. மனிதர்களுக்கு ஜியாப் போதும். ஃபாயின் நிஜப் பெயர் என்ன என்று இப்போது தன்னைக் கேட்டாலும் இதே முழிதான்.

"ரா... ரத்னா?" என்றாள் ஃபாய்.

"இப்ப நான் படிச்சது பாதி காதுல விழுந்திருக்கு. அதை வச்சு அடிச்சுவிடுறே."

"சார், சார், கோவிச்சுக்காதீங்க. தெரியலைதான். ஆனா ஆள் இவதான்."

பக்கத்து மேஜைப் பெண் தலையைத் தூக்காமலே கூப்பிட்டாள். "கோல்ஃப் அண்ணே, ஸ்டாம்ப் மையை எங்க வச்சீங்க?"

ஃபாய் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, இவரு முழுப் பேரு என்ன, சொல்லு பார்ப்போம்."

அந்தப் பெண் பேனாவோடு நிமிர்ந்தாள். "கோல்ஃப் அண்ணன். முழுப் பேரு... அண்ணே, என்ன அது, ஏதோ 'பொங்'குன்னு முடியும்ல?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கோல்ஃபும் சிரித்துவிட்டார். ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

"சிரிப்பு சரி. எனக்குக் கையெழுத்துப் போடணும்ல? உன் ஊர்த் தலைவருக்கு வீடியோ போன் பண்ணுவோம். தலைவர் ஒருத்தர், வீட்டுப் பொறுப்பாளர் ஒருத்தர், ரெண்டு பேரும் உன் முகத்தைப் பார்த்து ஆமான்னு சொல்லட்டும். உங்க வீட்டுப் பதிவுல பொறுப்பாளர் யாரு?"

ஜியாப் தூண் ஓரத்திலிருந்து மேஜைக்கு வந்தாள்.

"அப்பா," என்றாள்.

"சார், வேற வழி இல்லையா?" என்று அடுத்து அவளே கேட்டாள். குழந்தை பிறந்த விஷயம் தாய்லாந்தில், யசோதோன் பக்கத்து ஊரில் யாருக்கும் தெரியாது. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன் என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். அக்கா சோம் கல்யாணத்துக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது, அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் வீட்டுப் பதிவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு வந்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டார். ஏழு வருஷமாக எனக்கு ஒரே பொண்ணு என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறார். அந்த ஒரே பெண் இவள். இன்று இவளையும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கனுன் யாருடைய குழந்தை?

"வேற வழின்னா சியோலுக்கு வரணும். மாசக் கணக்காகும்," என்றார் கோல்ஃப்.

ஜன்னல் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். "வேன்லேருந்து ஒருத்தன் இறங்கி சிகரெட் பிடிக்கிறான்."

"போன் பண்ணுங்க சார்," என்றாள் ஜியாப்.

மணி அடித்தது. எடுத்த குரல் பெரிய குரல். தலைவர் பிரயூன் எப்போதுமே வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"யாரு? தூதரகமா? கொரியாவா? அட, இவ நம்ம ஜியாப்! மோதி வீட்டுச் சின்னப் பொண்ணு! ஏம்மா, எலும்பாப் போயிட்டே, அங்க சோறு போடலையா?"

அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்டது. முதலில் போனிலிருந்து, பிறகு எங்கோ தூரத்திலிருந்து, வானத்திலிருந்து விழுகிற மாதிரி. ஜியாப்புக்கு உடனே புரிந்தது. அந்த எதிரொலியைக் கேட்டுத்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். காலையில் தலைவர் வீட்டு மைக்கிலிருந்து உர விலையும் சாவுச் செய்தியும் ஊர்க் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக வரும். காலை அறிவிப்புக்கு நடுவில் போனை எடுத்திருக்கிறார்.

"தலைவரே, மைக்கு! மைக்கை அணைங்க!"

"என்ன மை? சரியாக் கேக்கலை."

அந்த நேரம் பார்த்துக் கனுன் வீறிட்டாள். அழுகை மாடியில் கேட்டது, போனில் கேட்டது, பிறகு ஊர் முழுக்கக் கேட்டது.

"குழந்தையா அது?" என்றார் தலைவர், குரல் இறங்கி. "யாரு குழந்தை?"

ஜியாப் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். போனில் நாய்கள் குரைத்தன, இழுவை வண்டி ஒன்று படபடத்து வந்து நின்றது. செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். அந்த நடை யாருடையது என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஃபாய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அப்பாவின் முகம் வந்தது. ஒலிபெருக்கியைக் கேட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அது யாரு அழுவுறது?"

"என் பொண்ணுப்பா."

"எத்தனை மாசம்?"

"நாலு."

"அப்பன்?"

"ஊருக்கு அனுப்பிட்டாங்க. போன் எடுக்கிறதில்லை."

அப்பா தலையைத் திருப்பி எங்கோ பார்த்தார். கோல்ஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, நான் தூதரகத்துலேருந்து பேசுறேன். இந்தப் பொண்ணு உங்க பொண்ணுதானான்னு மட்டும் நீங்க சொல்லணும். உங்க பொண்ணுன்னா அந்தக் குழந்தையும் தாய்லாந்துப் பிரஜை. ஊருக்கு வந்ததும் எந்த வீட்டுல பதியுறதுன்னும் தெரிஞ்சா நல்லது. அவசரம் இல்ல, யோசிச்சு..."

அப்பா தலைவர் பக்கம் திரும்பினார். "மைக்கு போட்டிருக்கா?"

"அடக் கடவுளே, ஆமாம்ப்பா. இதோ, அணைக்கிறேன்."

"வேணாம்."

ஜியாப் கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் கேட்கத்தான் சொல்லப்போகிறார். சோமுக்கு மாவட்ட அலுவலகத்தோடு போயிற்று, தனக்கு ஒலிபெருக்கி.

"இருக்கட்டும்," என்றார் அப்பா. பிறகு மைக்கிடம் குனிந்திருக்க வேண்டும், குரல் திடீரென்று பெரிதாயிற்று. "ரச்சனீகோன் சைக்கம் என் ரெண்டாவது பொண்ணு. வீட்டு எண் அறுபத்தேழு. அந்தக் குழந்தை அந்த வீட்டுக் குழந்தை. எழுதிக்குங்க."

அறுபத்தேழு, அறுபத்தேழு என்று அது ஊர்க் கம்பங்களில் போய்த் திரும்பி வந்தது.

"குழந்தைக்குக் காது குளிரப் போகுது, மூடு," என்றார். திரை அணைந்தது.

ஜியாப் அழவில்லை. அழுவதற்குப் பயம் இடம் விடவில்லை. ரெண்டாவது பொண்ணு என்று சொன்னார், அப்படியென்றால் முதலாவது ஒருத்தி இருக்கிறாள் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

கோல்ஃப் பேனாவை எடுத்தார். "குழந்தை முழுப் பேரு? சும்மா பலாப்பழம்னு எழுத முடியாது."

"புன்யவீ. கோயில் பிக்கு வச்சது. புதன்கிழமை பொறந்ததுக்கு ஏத்த பேராம்."

ஸ்டாம்ப் விழுந்தது. மை அவர் மேஜைக்கடியிலேயேதான் இருந்தது.

படிக்கட்டுக்கு வந்ததும் ஜியாப் நின்றாள். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழந்தைக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் செருகியிருந்தாள். கீழே கண்ணாடிக் கதவு வழியாக வேன் தெரிந்தது. சிகரெட் பிடித்தவன் உள்ளே ஏறிவிட்டான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் மேலயே இருந்துடலாமாடி?" என்றாள் ஃபாய்.

"சாயங்காலம் வேற வேன் வரும். அக்கா, நான் மாட்டிக்கிட்டா நீதான் அந்த சாருக்குப் போன் போடணும். ஜியாப்னு சொன்னா யாருக்கும் தெரியாது. என் பேரைச் சொல்லு பார்ப்போம்."

"ரச்சனீகோன் சைக்கம்."

"பாப்பா?"

"புன்யவீ. புன்யவீ சைக்கம். வீட்டு எண் அறுபத்தேழு." ஃபாய் மூச்சு விட்டாள். "என் பேரு வன்னபா. நீயும் தெரிஞ்சு வச்சுக்கோ, கழுதை."

இருவரும் இறங்கினார்கள். கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அடித்தது. வேனைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். ஃபாய் சாமி கும்பிடுகிறவள்போல உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், ரச்சனீகோன் சைக்கம், புன்யவீ சைக்கம். வேனின் பக்கக் கதவு இழுபடுகிற சத்தம் கேட்டது. ஜியாப்பின் கால்கள் ஓடச் சொல்லின. நாலு வருஷமாக எங்கே சத்தம் கேட்டாலும் ஓடிய கால்கள்.

அவள் ஒரு கையால் குழந்தையின் காதை மூடினாள். இன்னொரு கையால் நெஞ்சில் இருந்த உறையை அழுத்திப் பிடித்தாள். பிடித்தால் இனி இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல், ஓடாமல் நடந்தாள்.